எங்கள் வீட்டுச் 'சோ-சோ'

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது, கூட வந்திருந்த அம்மாள் ஒருவர் என் வருங்கால மாமியாரிடம், "பொம்பிளை எப்பிடி?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற எனக்குப் பதில் சுத்தமாகக் கேட்டது. "சோ-சோ" என்றார் மாமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து தலை பின்னி, சேலை கட்டி, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்து, கேட்டபோது ஒரு தேவாரமும் பாடியிருந்தேன். அவ்வளவுக்கும் கிடைத்தது சோ-சோவா? அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பினாங்குத் தீவுக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம்; ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். "சோ-சோவாம்! அவவின்ர மகன் மட்டும் என்ன மன்மதனோ?" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். ஆனால் அடுத்த வாரமே அந்த வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்யாணமாகி, பினாங்குப் பட்டணத்தில் டத்தோ கிராமாட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் போன பிறகுதான் விளங்கியது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். மழை எப்படி என்றால் சோ-சோ. கோயில் திருவிழா எப்படி என்றால் சோ-சோ. என் கணவர் அரசாங்கப் பரீட்சையில் எல்லாருக்கும் மேலே வந்தபோதும், விசாரித்தவர்களிடம் மாமி சொன்னது அதையேதான். நான் சோ-சோவான பெண் என்றால், மாமிக்கு என்னை மிகவும் பிடித்துப்போனது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமனார். நான் அவரைப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பெரிய கிளார்க். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரை, காலையில் யார் நலம் விசாரித்தாலும் 'சோ-சோ' என்று மட்டும் சொல்வாராம். முதல் நாள் சாயங்காலம் குடித்தது தலையை இடித்தாலும் அது, சம்பள உயர்வு வந்தாலும் அது, ஊரில் தாயார் இறந்துபோன தந்தி வந்த மறுநாளும் அதுவேதான். மாமனாருக்கு அது பெரிய மனிதனின் அடையாளமாகப் பட்டிருக்கிறது. இங்கிலீஷ் அதிகம் பேசவராத மாமி, கணவரிடமிருந்து அந்த ஒன்றை மட்டும் தாலியைப்போலப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

இங்கிலீஷ் படித்தவர்களைக் கேட்டால், நல்லதுமில்லை, கெட்டதுமில்லை என்று பொருள் சொல்வார்கள். விண்ணப்பத்தில் எழுதுகிற சொல் அல்ல. பழகியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வது. தமிழில் இதற்கு நேராக ஒரு சொல் உண்டா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். 'சுமார்' இருக்கிறது, ஆனால் அது கீழ்ப்பக்கம் சாய்ந்த சொல். குழம்பு சுமார் என்றால் சமைத்தவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'பரவாயில்லை' மேல்பக்கம் சாய்ந்தது. நோயாளிக்குப் பரவாயில்லை என்றால் தேறி வருகிறார் என்று நாமும் மூச்சுவிடலாம். 'ஏதோ இருக்கிறோம்' என்பது சொல்லே அல்ல, பெருமூச்சு. கேட்டவர் உட்கார்ந்து, "ஏன், என்ன?" என்று மேலும் விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்படுகிறது. பாசாரில் மலாய்ப் பெண்கள் 'போலே தஹான்' என்பார்கள். தாங்கலாம் என்று பொருள். தாங்குவதற்கு ஏதோ ஒரு பாரம் இருக்கிறது என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது. சோ-சோ எதையும் ஒப்புக்கொள்வதில்லை. எந்தப் பக்கமும் சாயாது. கேட்டவருக்கு மேலே கேட்க ஒரு வாசலும் வைக்காது.

மாமிக்கு அதில் பிடித்ததே அதுதான். "நல்லா இருக்கிறம் எண்டால் நாவூறு படும், பிள்ளை. வருத்தமெண்டு சொன்னால் சனம் உள்ளுக்குள்ள சிரிக்கும். ஏன் வீண் வம்பு?" என்பார். தமிழில் சொன்னால்தான் கண்ணூறும் நாவூறும் பிடிக்குமாம். இங்கிலீஷ் அவற்றுக்குத் தெரியாதாம். எங்களைப்போன்ற சிலோன்காரர் வீடுகளில் கொஞ்சம் அடக்கமும் கொஞ்சம் கௌரவமும் எல்லாரிடமும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் பூட்டி வைத்த வீட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

என் கணவர் அந்தப் பூட்டோடு பிறந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுவார். அலுவலகத்திலிருந்து வந்ததும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டுதான் அம்மாவிடமே பேசுவார். நான் அவரை வம்புக்கு இழுப்பேன். கல்யாணமான புதிதில் ஒருநாள், "இஞ்சேருங்கோ, என்னைப் பிடிச்சிருக்கோ?" என்று நேரடியாகக் கேட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் எல்லாமே நேரடிதான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையல்கட்டில் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "சோ-சோ" என்றார் மெதுவாக. காது இரண்டும் சிவந்துவிட்டன. அன்றிலிருந்து நான் அவர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்க்கப் பழகினேன். சந்தோஷம் என்றால் காது சிவக்கும். மனவருத்தம் என்றால் இடது கை சட்டைப் பொத்தானைத் தேடும். மற்றவர்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவும் இல்லை. புருஷனை எனக்கு மட்டும் வாசிக்கத் தெரிவதில் ஒரு பெருமை இருந்தது.

பிறகு ஜப்பான் சண்டை வந்தது. பினாங்குப் பட்டணத்தில் குண்டு விழுந்தது. முதல் தடவை விமானங்கள் வந்தபோது சனங்கள் வீதியில் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்; அப்படி நின்றவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் பட்டணத்துக்கு வெளியே ஆயர் ஈத்தாம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் போய் ஒளிந்தோம். திரும்பி வந்தபோது வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்கள். மாமனாரின் துரை இருந்திருந்தால் அதையும் சோ-சோ என்றிருப்பார் என்று நான் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. அவருக்கு அவர்கள் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது.

ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தைக்கூட அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தான். சாயங்காலம் ஏழு மணி என்று கடிகாரம் சொல்லும். வெளியே வெயில் காயும். என் கணவர் அதே அலுவலகத்துக்குப் போனார், மேலே வேறொரு துரை. இங்கிலீஷில் பேசக் கூடாது, நிப்போங்கோ என்ற அவர்கள் பாஷையைப் படிக்க வேண்டும் என்றார்கள். அவர் மேசைமேல் இங்கிலீஷ் எழுத்து எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் வாய் பழகியது போகுமா? ஒருநாள் அதிகாரி ஏதோ கேட்க இவர் தன்னையறியாமல் சோ-சோ என்றுவிட்டார். இரத்தமே உறைந்துவிட்டதாம். அந்த அதிகாரியோ தலையாட்டிவிட்டுப் போய்விட்டானாம். அவன் பாஷையில் அப்படிச் சொன்னால் 'ஆமாம், ஆமாம்' என்று அர்த்தமாம். இதை வீட்டில் வந்து சொன்னபோது மாமிக்குத் தாங்க முடியாத பெருமை. "பாத்தியே? உன்ர மாமா குடுத்திட்டுப் போன சொல்லு" என்றார் என்னிடம். அந்த வருடங்களில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு ஞாபகமிருக்கிற வரையில் அன்று மட்டும்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம். அரிசி கண்ணில் படுவது அபூர்வம். வாசலில் பூச்செடி இருந்த இடத்தில் மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, சாயங்காலம் அதையே மாவாக இடித்து ரொட்டி. செம்பனை எண்ணெயில் சமைத்த எதையும் முதல் வாய் விழுங்குவதற்குள் குடல் வெளியே வரப் பார்க்கும். மாமி தன் நல்ல சேலையை இரண்டாகக் கிழித்து, பாதியை எனக்கு உடுத்தக் கொடுத்தார். பக்கத்து வீட்டார் வேலிக்கு அப்பாலிருந்து, "சாப்பிட்டாச்சா? எப்படி?" என்றால், கிழிந்த சேலையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சோ-சோ" என்பார். பசியில் எனக்குக் காது அடைக்கும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள் தெருவில் நின்று பசி என்று சொன்னால் அந்த வீட்டின் மானம் கப்பலேறிவிடும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

பிறகு கொசு வந்தது. சண்டைக்கு முன்பு, முதுகில் தகரப் பீப்பாய் கட்டிய ஆட்கள் வந்து சாக்கடைக்கெல்லாம் எண்ணெய் அடித்துவிட்டுப் போவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அது நின்றுபோயிற்று. எங்கள் வீதிக்குப் பின்னால் ஓடிய பெரிய சாக்கடையில் தண்ணீர் பச்சையாகத் தேங்கி நின்றது. வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற மலேரியா பட்டணத்து கிளார்க் வீட்டுக்கும் வரும் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் வீதியில் டிரெசர் ஒருவர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் அவர்தான். பூர்வீகம் தமிழ்நாட்டுப் பக்கம், பிறந்தது இங்கே. குண்டு விழுந்த நாட்களில் தூக்கமில்லாமல் வேலை செய்த மனிதர். தினமும் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கைப்பிடியில் ஆஸ்பத்திரிச் சோற்று டிபன் கேரியர் ஆட, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எப்படி, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நல்ல பழக்கம் உள்ளவர் என்று மாமி மெச்சுவார்.

அது பழக்கம் அல்ல. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். அந்த டிபன் கேரியரின் அடித்தட்டில், காய்ந்த சோற்றுக்குக் கீழே, மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை இருக்கும். ஆஸ்பத்திரியில் கொய்னாவுக்குக் காவல் போட்டிருந்தார்கள், எல்லாம் பட்டாளத்துக்கு. வெளியே எந்தக் கடையிலும், எந்த விலைக்கும் கிடைக்காது. இவர் கிடைத்தபோது ஒருவருக்குப் போதுமானதை ஒளித்துக் கொண்டுவருவார். பிடிபட்டால் தலை போய்விடும். அதனால் இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு எப்படி என்று கேட்பார். யாருக்கு மிகவும் மோசமோ, அந்த வீட்டுக்குப் பிறகு சத்தமில்லாமல் போய்க் கொடுப்பார். அவர் கேட்ட கேள்விக்குச் சொல்கிற பதிலில் எங்கள் வீதியில் ஓர் உயிர் தொங்கியது.

என் கணவருக்குக் காய்ச்சல் ஒரு மத்தியானம் வந்தது. அலுவலகத்திலிருந்து பாதியில் திரும்பி வந்து, முகம் கழுவாமலே கட்டிலில் உட்கார்ந்தார். நான் பயந்தது அப்போதுதான். பிறகு குளிர் பிடித்தது. வீட்டில் இருந்த போர்வை, சாக்கு, என் பாதிச் சேலை எல்லாவற்றையும் போட்டு நானும் மேலே விழுந்து அமுக்கினேன். கட்டில் சுவரில் மோதி மோதி ஆடியது. குளிர் விட்டதும் நெருப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்து விட்டது. மறுநாள் ஒன்றுமே நடவாததுபோல எழுந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் திரும்ப வந்தது. இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள். மாமி நிலவேம்புக் கஷாயம் வைத்தார். நெற்றியில் திருநீறு பூசினார். ஆனால் கதவை மட்டும் சாத்தியே வைத்தார்.

சாயங்காலம் டிரெசர் அண்ணனின் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், என் கணவர் எழுந்துவிடுவார். எப்படித்தான் எழுந்தாரோ! சட்டையை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தலை வாரி, வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்து வெயிலில் அவர் முகம் மஞ்சளாக இருந்தது. ஆனால் பட்டினி காலத்தில் யார் முகம்தான் மஞ்சளாக இல்லை?

"எப்படி அண்ணே? ஆபிசுக்குப் போகலையா?"

"சோ-சோ, தம்பி. சின்னத் தடிமன், தும்மல்தான்."

அவருடைய இடது கை பொத்தானைத் தேடிக்கொண்டிருந்ததை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தேன்.

"இல்லையண்ணை! நேற்றுக் காய்ச்சல் கொதிச்சது. கட்டிலே உடைஞ்சு போற மாதிரி நடுக்கம். மலேரியாதான். பொய் சொல்லுறார்!"

டிரெசர் அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். என் கணவரைக் கூர்ந்து பார்த்தார். அந்த நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் என் கணவர் சிரித்தார். அழகான சிரிப்பு, இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அவ ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை, தம்பி. எலி ஓடினாலும் புலி எண்டுதான் சொல்லுவா."

டிரெசர் அண்ணனும் சிரித்துவிட்டார். "தங்கச்சி, பயப்படாதீங்க லா. அண்ணனே உக்காந்து பேசுறாரே" என்றார். ஆம்பிளை ஒன்று சொல்ல, பெண்டாட்டி இன்னொன்று சொன்னால் ஆம்பிளை சொன்னதுதான் செல்லும். அந்தக் காலம் மட்டும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன்.

உள்ளே போனதும் மாமி என்னைக் கடிந்துகொண்டார். "வீட்டு வருத்தத்தை ஏன் பிள்ளை வீதிக்குக் கொண்டுபோறாய்? அவனுக்கு எவ்வளவு வெக்கம், பாத்தியே" என்றார். என் கணவர் சட்டையோடு படுத்துவிட்டார், கழற்றக்கூடத் தெம்பில்லை. நான்தான் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "கோபமோ?" என்று கேட்டார். "ஓம், கோபம்தான்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார், கை மறுபடியும் தணலாய்ச் சுடத் தொடங்கியிருந்தது.

அதே சாயங்காலம் வீதிக் கோடியில் பெரிய கூக்குரல். அங்கே மாடு வைத்துப் பால் கறந்து விற்கிற குடும்பம் ஒன்று இருந்தது. பால்காரரின் மனைவிக்கும் இதே காய்ச்சல். அவர் நடு வீதியில் வந்து நின்று, மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எம் பொண்டாட்டி போறாளே! யாராச்சும் காப்பாத்துங்களேன்!" என்று ஊருக்கே கேட்கக் கதறினார். மாமி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "என்ன சனங்களோ! ஒரு அடக்க ஒடுக்கம் வேண்டாமே?" என்றார்.

அன்று டிபன் கேரியரில் இருந்த கொய்னா பால்காரர் வீட்டுக்குப் போனது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தது நியாயம்தான். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அவள் புருஷன் உண்மையைச் சொன்னான். அவளைப் பின்பு வீதியில் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். அவள் மேல் அல்ல.

அடுத்த முறை வந்த காய்ச்சல் விடவே இல்லை. தலைக்கு ஏறிவிட்டது. விடியும்போது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மாமியைப் பார்த்து மாமனாரின் துரையிடம் பேசுவதுபோல இங்கிலீஷில் ஏதோ பணிவாகச் சொன்னார். நான் வீதிக்கு ஓடி ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து வந்தேன். மாமி அப்போதும் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே, சத்தமில்லாமல், ஒவ்வொரு பொத்தானாக. ஆஸ்பத்திரி வாசலில் டிரெசர் அண்ணன் நின்றிருந்தார். ரிக்‌ஷாவில் கிடந்தவரைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் இல்லை. மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. என் கணவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள். கூடத்தில் வந்து கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். மாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவனுக்குச் சத்தம் பிடிக்காது என்றார். நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்தினேன்; என்னை யாரும் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் அன்று கேட்ட ஒரே சத்தம் என்னுடையதுதான்.

எல்லாம் முடிந்த மறுநாள் டிரெசர் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தேங்கித் தேங்கிச் சொன்னார்.

"எங்கிட்ட இருந்துச்சு தங்கச்சி. அன்னிக்கு எங்கிட்ட மாத்திர இருந்துச்சு. இங்க வந்தப்ப அந்தக் கேரியர் மங்குலதான் இருந்துச்சு. அண்ணன் சோ-சோன்னு சொன்னாரு... சிரிச்சாரு... நான் தாண்டிப் போயிட்டேன்."

பெரிய மனிதர், குழந்தைபோல அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இறந்தவர் மேல்தான் வந்தது. பிணத்தின் மேல் கோபப்பட்டவளுக்குத்தான் அது எப்படிப்பட்ட துக்கம் என்று தெரியும். என் முதுகுக்குப் பின்னால், அறைக் கதவின் மறைவில், மாமி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. வேறு சொல்லும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா என்னைக் கூட்டிப்போக அக்கரையிலிருந்து வந்தார். எனக்கும் அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மாமியைத் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று அப்பாவை அனுப்பிவைத்தேன். நாங்கள் இரண்டு பெண்களும் ஒரே மரவள்ளியை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுத் தின்றுகொண்டு, பேசாமல் ஒரே வீட்டில் இருந்தோம். அவரை நான் மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கும் குளிர் வந்தது.

ஆட்டம் ஒரு பக்கம். அதைவிடப் பயம் பெரிது. என் கணவர் கிடந்த கட்டில் அதே சுவரில் அதே மாதிரி மோதியது. இந்த முறை அமுக்கிப் பிடித்தவை மாமியின் கைகள். எலும்பும் தோலுமான உடம்போடு என் மேலே விழுந்து கிடந்தார். காய்ச்சல் ஏறியபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கத்தவேண்டும், எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன், குரல் வரவில்லை. ரயில் சத்தத்தை வென்ற குரல் எங்கேயோ போய்விட்டது. இப்படியே போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

வெயில் தாழ்ந்த நேரம், வீதியில் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமி எழுந்து போனார். வாசல் கதவு சுவரில் அறைந்து திறந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் அந்த வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"டிரெசர் தம்பி! ஓடி வாங்கோ! என்ர பிள்ளைக்குச் சரியில்லை! சாகப்போறாள்! ஐயோ, ஓடி வாங்கோ!"

சைக்கிள் விழுந்த சத்தம். ஓடிவருகிற காலடி. "அம்மா, அம்மா, மெதுவா. யார் காதுலயாச்சும் விழுந்துடப் போகுது."

"விழட்டும்! ஊருக்கே விழட்டும்! மலேரியா! என்ர வீட்டிலை மலேரியா!"

வீதியில் ஒவ்வொரு கதவாகத் திறப்பது எனக்குக் கேட்டது. நான் படுத்திருந்த அறையின் ஜன்னல் வழியாக வாசல் தெரியும். வெள்ளைச் சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவி மண்ணில் கிடந்தது. மாமி அதை எடுக்கவில்லை. டிரெசர் அண்ணன் வீதிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, அவசரமாக டிபன் கேரியரைத் திறந்து, சோற்றைத் தள்ளி, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மாமியின் கையில் திணித்தார். அதில்தான் நான் பிழைத்தேன். என் கணவர் உயிருக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

பொட்டலம் கைக்கு வந்த பிறகும் மாமி கத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

"அவனுக்குக் குளிருது, தம்பி. எல்லாம் போர்த்தியாச்சு, பிறகும் நடுங்கிறான். கஞ்சிகூட இறங்கேல்லை. தண்ணி குடுத்தால் கடைவாயால வழியுது. சட்டை போட்டிருக்கிறான், தம்பி, அதைப் பார்த்து ஏமாந்திடாதேங்கோ. அவன் எழும்பி இருக்கிறதெல்லாம் பொய். அவனால ஏலாது. கேட்டால் சொல்லமாட்டான். அவன் சொல்லமாட்டான், தம்பி, நான் சொல்லுறன்..."

வீதியில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பால்காரரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வேலியோரம் வந்து நின்றாள். டிரெசர் அண்ணன் எழுந்து, மண்ணில் கிடந்த சேலைத் தலைப்பை எடுத்து மாமியின் தோளில் போட்டார். மகன் போய்விட்டான் என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் தாயிடம் விசாரிப்பதுபோல, தணிந்த குரலில் கேட்டார்:

"எப்ப இருந்து அம்மா, அவருக்கு இப்படி?"

மாமி முதல் நாள் குளிரிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார். அவர் கடைசிவரை நின்று கேட்டார்.